ஆலிவ் எண்ணெய் வாங்காமல் மெடிட்டரேனியன் உணவு: வேலூர் மளிகைக் கணக்கில் ஒரு விளக்கம்

ஒவ்வொரு ஜனவரியிலும் அமெரிக்கப் பத்திரிகை ஒன்று சிறந்த உணவுமுறைகளின் பட்டியலை வெளியிடுகிறது. பல ஆண்டுகளாக முதலிடம் மெடிட்டரேனியன் உணவுக்குத்தான், அதாவது மத்தியதரைக் கடலோர நாடுகளின் உணவுக்கு. அந்தச் செய்தி தமிழுக்கு வந்து சேரும்போது கூடவே ஒரு படமும் வருகிறது: ஆலிவ் எண்ணெய்ப் பாட்டில், சால்மன் மீன் துண்டு, வால்நட், ஓரத்தில் ஒரு கிளாஸ் ஒயின். வேலூரில் இதய மருத்துவரையோ சர்க்கரை மருத்துவரையோ பார்த்துவிட்டு வருகிறவர்களும் இந்தப் பேரைக் கேட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். மளிகைக் கடையில் நின்று அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, ஆலிவ் ஆயில் லிட்டர் எவ்வளவு?"

விலையைக் கேட்டதும் பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. அது பணக்காரர்கள் சமாச்சாரம் என்று பாட்டிலை அலமாரியிலேயே விட்டுவிட்டு வழக்கமான எண்ணெயை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். பாட்டிலை வைத்துவிட்டது சரி. அதோடு சேர்த்து உணவுமுறையையே வைத்துவிட்டதுதான் பிழை. ஏன் என்று பார்ப்போம்.

எங்கிருந்து வந்தது இந்தப் பேர்?

அமெரிக்க உடலியல் அறிஞர் ஆன்செல் கீஸ் 1958ல் ஓர் ஆய்வைத் தொடங்கினார். அமெரிக்கா, ஃபின்லாந்து, நெதர்லாந்து, இத்தாலி, யூகோஸ்லாவியா, கிரீஸ், ஜப்பான் என்று ஏழு நாடுகளில், 40 முதல் 59 வயது வரையுள்ள சுமார் 12,700 ஆண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். மாரடைப்புச் சாவு மிக அதிகமாக இருந்தது கிழக்கு ஃபின்லாந்தில். மிகக் குறைவாக இருந்தது கிரீஸின் கிரீட் தீவில்.

அந்தக் கிரீட் தீவுக்காரர்கள் வசதியானவர்கள் இல்லை. உலகப்போரில் நொறுங்கிப்போயிருந்த அந்தத் தீவில் 1948ல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. தங்கள் சாப்பாடு திருப்தியாக இருக்கிறது என்று சொன்ன குடும்பங்கள் ஆறில் ஒன்றுதான். இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டபோது பெரும்பாலோர் சொன்னது இறைச்சி. கிடைத்ததென்னவோ முரட்டு ரொட்டி, பருப்பு, வயலோரக் கீரை, ஆலிவ் எண்ணெய், எப்போதாவது மீன். இத்தாலியில் இந்த மாதிரிச் சமையலுக்கு 'குச்சினா போவெரா' என்றே பேர். ஏழை வீட்டுச் சமையல் என்று அர்த்தம். நேற்றைய காய்ந்த ரொட்டியைக் காய்கறி சூப்பில் ஊறப்போட்டு இன்றைக்குச் சாப்பிடுவது அதில் ஒரு வகை. நம் வீட்டுப் பழையசோறு போலத்தான்.

யுனெஸ்கோ 2010ல் இதைப் பண்பாட்டு மரபாகப் பட்டியலில் சேர்த்தது. அதற்கு முன்பே சூப்பர் மார்க்கெட்டுகள் இதைப் பாட்டிலில் அடைத்து விற்கத் தொடங்கியிருந்தன. இல்லாதவன் சாப்பாடு இருக்கிறவன் சாப்பாடாக மாறியது இப்படித்தான்.

தட்டில் உண்மையில் என்ன இருக்கிறது?

பேரை எடுத்துவிட்டுப் பார்த்தால் இந்த உணவுமுறையில் நிற்பது சில அளவுகள்தான்.

1. தட்டில் அதிக இடம் காய்க்கும் கீரைக்கும்.
2. பருப்பு, பயறு, கடலை வகைகள் வாரத்தில் பல நாள், குழம்பில் கரைந்துபோகும் அளவில் இல்லாமல் வாயில் கடிபடும் அளவில்.
3. தானியம் முடிந்தவரை முழுதாக, தவிடு போகாமல்.
4. கொழுப்பு பெரும்பாலும் தாவர எண்ணெயிலிருந்தும் கொட்டைகளிலிருந்தும்.
5. மீன் வாரம் இரண்டு முறை. முட்டை, கோழி, தயிர் அளவாக. ஆட்டுக்கறி, மாட்டுக்கறி எப்போதாவது.
6. இனிப்பு விசேஷ நாளுக்கு மட்டும். (ஆற்காடு மக்கன் பேடா எந்த உணவுமுறையிலும் ஆறாவது வரிசையில்தான் வரும். வருத்தமாக இருந்தாலும் அதுதான் உண்மை.)

ஒயினைப் பட்டியலில் சேர்க்கவில்லை. குடிக்காதவர் உடம்புக்கென்று குடிக்கத் தொடங்க வேண்டியதில்லை.

இந்த ஆறில் ஆலிவ் என்ற சொல் எங்குமே இல்லை என்பதைக் கவனியுங்கள். நான்காவது வரியில் ஆலிவ் எண்ணெய்க்கு ஓர் இடம் உண்டு. அந்த இடத்தை வேறொன்றாலும் நிரப்பலாம். அதைச் சொல்வதற்கு முன் சான்றைப் பார்த்துவிடலாம்.

சான்று எவ்வளவு உறுதி?

அதிகம் பேசப்படுவது ஸ்பெயினில் நடந்த 'பிரெடிமெட்' ஆய்வு. இதயநோய் வரும் வாய்ப்புள்ள 7,447 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மெடிட்டரேனியன் உணவோடு குடும்பத்துக்கு வாரம் ஒரு லிட்டர் ஆலிவ் எண்ணெய் இலவசம். இன்னொரு குழுவுக்கு அதே உணவோடு ஆளுக்குத் தினம் 30 கிராம் கொட்டைகள். மூன்றாம் குழுவுக்குக் கொழுப்பைக் குறைக்கச் சொல்லி ஆலோசனை. முதல் இரண்டு குழுக்களிலும் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய்ச் சாவு எல்லாம் சேர்த்துச் சுமார் 30 சதவீதம் குறைந்ததாக 2013ல் முடிவு வந்தது. ஆட்களைக் குழுவாகப் பிரித்த முறையில் சில இடங்களில் கோளாறு இருந்தது பிறகு தெரியவர, 2018ல் கட்டுரையைத் திரும்பப் பெற்று, கணக்கைத் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். எண் பெரிதாக மாறவில்லை. முன்பு சொன்ன அளவுக்கு அடித்துச் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.

நமக்கு இதில் முக்கியமானது இரண்டாவது குழு. கூடுதல் எண்ணெய் கொடுக்காமல் கொட்டைகள் கொடுத்த குழுவிலும் கிட்டத்தட்ட அதே பலன் கிடைத்தது.

இன்னொன்று, அதற்கும் முன்னால் பிரான்ஸின் லியோன் நகரத்தில் நடந்தது. ஒருமுறை மாரடைப்பு வந்து பிழைத்த 605 பேர். அந்த ஊர்க்காரர்களுக்கு ஆலிவ் எண்ணெய் பழக்கமில்லை. அதனால் கடுகு இனத்தைச் சேர்ந்த ரேப்சீட் எண்ணெயில் செய்த மார்கரினை (வெண்ணெய்க்குப் பதிலாகத் தடவிக்கொள்வது) கொடுத்தார்கள். மறுபடி மாரடைப்பு வருவது வெகுவாகக் குறைந்தது. மெடிட்டரேனியன் உணவுக்குச் சாதகமான புகழ்பெற்ற சான்றுகளில் ஒன்று, ஆலிவ் எண்ணெயை நம்பி நிற்காத சான்று.

இந்தியாவில் நடந்ததாகச் சொல்லி 2002ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த 'இந்தோ-மெடிட்டரேனியன்' ஆய்வையும் சிலர் காட்டுவார்கள். அதன் தரவுகளை நம்பலாமா என்று அந்த இதழே 2005ல் வெளிப்படையாகச் சந்தேகம் தெரிவித்துவிட்டது. எனவே அதை விட்டுவிடுவோம்.

எண்ணெய்: வடஆற்காட்டின் கையிருப்பு

எண்ணெயில் இருக்கும் கொழுப்பை மூன்றாகப் பிரிக்கலாம். நிறைகொழுப்பு: நெய், தேங்காய் எண்ணெய், பாமாயில் ஆகியவற்றில் அதிகம். அளவு மீறினால் ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும். ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு: ஆலிவில் அதிகம். பன்மை நிறைவுறாக் கொழுப்பு: சூரியகாந்தி எண்ணெயில் அதிகம். பின்னவை இரண்டும் நிறைகொழுப்பின் இடத்துக்கு வந்தால் இதயத்துக்கு நல்லது.

ஆலிவ் எண்ணெயில் சுமார் 70 சதவீதம் ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு. கடலை எண்ணெயில் அது கிட்டத்தட்டப் பாதி. மீதியில் பெரும்பங்கு பன்மை நிறைவுறாக் கொழுப்பு, நிறைகொழுப்பு ஐந்தில் ஒரு பங்குக்குள். நல்லெண்ணெயில் ஒற்றையும் பன்மையும் ஏறக்குறையச் சமம், நிறைகொழுப்பு ஏழில் ஒரு பங்கு. செக்கில் ஆட்டிய ஆலிவ் எண்ணெயில் பாலிஃபீனால் என்ற கூடுதல் சரக்கு உண்டு. நல்லெண்ணெயில் அதே மாதிரி செசமின், செசமால் உண்டு. இரண்டும் ஒன்றேதான் என்று சொல்ல முடியாது. ஆலிவ் எண்ணெய் மீது நடந்த அளவுக்கு நல்லெண்ணெய் மீது ஆய்வு நடக்கவில்லை. ஆனால் கொழுப்பின் கணக்கில் இரண்டும் ஒரே தெருவில்தான் இருக்கின்றன.

வடஆற்காடு மாவட்டம் 1989ல் இரண்டாகப் பிரிந்து, 2019ல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போனாலும், மானாவாரி நிலத்தில் மல்லாட்டை போடுவது இந்தப் பக்கத்துக்குப் பழைய பழக்கம். வேர்க்கடலை என்று எழுதினாலும் வாயில் வருவது மல்லாட்டைதான். ஆலிவ் மரம் கிரீஸில் செய்கிற வேலையை இங்கே மல்லாட்டைச் செடி செய்கிறது. எண்ணெயும் தருகிறது, பிரெடிமெட்டின் இரண்டாம் குழுவுக்குக் கொடுத்த கொட்டைக்கும் ஈடாகிறது. (தாவர இயல்படி அது பயறு இனம். உடம்புக்கு அது கொட்டை மாதிரிதான்.) வால்நட்டில் இருக்கும் ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு மட்டும் இதில் இல்லை. அதை மீனிலோ ஆளி விதையிலோ எடுத்துக்கொள்ள வேண்டும்.

சரி, எவ்வளவு எண்ணெய்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வெளியிட்ட வழிகாட்டியில், 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்குத் தினம் 27 கிராம். நாலு பேர் வீட்டுக்கு நாளைக்கு 108 கிராம், மாதத்துக்குச் சுமார் மூன்றரை லிட்டர். ஆலிவ் எண்ணெய் லிட்டர் 1,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 3,500 ரூபாய். செக்குக் கடலை எண்ணெய் 250 ரூபாய் என்று வைத்தால் 875. வித்தியாசம் மாதம் 2,600 ரூபாய்க்கு மேல்.

ரேஷனில் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயில்? அதில் நிறைகொழுப்பு பாதிக்குச் சற்றுக் குறைவு. விஷமென்று பயமுறுத்தும் வீடியோக்கள் மிகை. ஆனால் வீட்டு எண்ணெய் முழுவதும் அதுவாகவே இருப்பது நல்லதில்லை. அதற்குப் பதிலாகக் கடலை எண்ணெயையோ நல்லெண்ணெயையோ ரேஷனில் கொடுங்கள் என்று விவசாயிகள் பல ஆண்டாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கோரிக்கையை விலைப் பிரச்சினையாக மட்டும் பார்க்கிறோம். அது உடம்புப் பிரச்சினையும்தான். 25 ரூபாய் எண்ணெயை வேண்டாமென்று சொல்ல முடியாத வீட்டில், அந்த ஒரு லிட்டரை மாதம் முழுக்கத் தோசைக்கல்லுக்கும் எப்போதாவது செய்யும் பொரியலுக்கும் நீட்டி, தாளிப்புக்கும் கீரைக்கும் கடலை எண்ணெய் வைத்துக்கொள்வது நடக்கக்கூடிய வழி.

காந்தி ரோடு பக்கம் போனால் இன்னொன்றும் தெரியும். சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வரும் வங்காள, அசாம் குடும்பங்கள் லாட்ஜ் அறையிலேயே அடுப்பு வைத்துச் சமைப்பதால், அங்குள்ள கடைகளில் கடுகு எண்ணெய் தாராளமாகக் கிடைக்கிறது. நம் எண்ணெய்களில் இல்லாத ஒமேகா-3 கொஞ்சம் அதில் உண்டு. நெடி பிடித்தால் மாதம் கால் லிட்டர் வாங்கி மீன் குழம்புக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரே எண்ணெயைப் பிடித்துத் தொங்காமல் மாற்றி மாற்றிப் பயன்படுத்தச் சொல்வதும் ஐசிஎம்ஆர் வழிகாட்டியில் இருக்கிறது.

உண்மையான தடை: சோற்றுக் குவியல்

எண்ணெயைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டோம். நம் தட்டில் பெரிய பிரச்சினை அது இல்லை.

நாடு முழுவதும் சர்க்கரை நோயைக் கணக்கெடுத்த ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு 2023ல் சொன்னபடி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல். அதே ஆய்வின் அடுத்த கட்டம் காட்டியது: நம் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது, அதிலும் பெரும்பகுதி தீட்டிய அரிசி, அரைத்த மாவு, சர்க்கரை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் தானியத்திலிருந்து 45 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. 2,000 கலோரிக்கு அது சொல்லும் தட்டு இப்படி: தானியம் 250 கிராம், பருப்பு 85, காய்கறியும் கீரையும் 400, பழம் 100, கொட்டை-விதை 35, பால் அல்லது தயிர் 300 மில்லி. எல்லாம் சமைப்பதற்கு முந்தைய எடை. கொஞ்சம் உற்றுப் பார்த்தால் இது மெடிட்டரேனியன் தட்டேதான், வேட்டி கட்டியிருக்கிறது.

காலையில் நாலு இட்லி, மதியம் சோறு, ராத்திரி தோசை. இதிலேயே ஆளுக்கு 400 கிராம் அரிசி போய்விடும். சாம்பாரில் மிதக்கும் பருப்பு 20, 25 கிராம் தேறினால் அதிகம். எனவே மாற்ற வேண்டியது இந்த இரண்டு எண்களை: 400ஐக் கீழே இறக்க வேண்டும், 25ஐ மேலே ஏற்ற வேண்டும். மீதியெல்லாம் அடுத்தபடி.

இங்கே ஒரு சிக்கல். 2011 முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசம். துவரம்பருப்பு 30 ரூபாய்க்கு மாதம் ஒரு கிலோ. அந்த அரிசி பசியைத் துடைத்தெறிந்தது, அதில் மறுபேச்சில்லை. ஆனால் ஒரு பொருள் சும்மா கிடைத்து மற்றதெல்லாம் காசுக்கு என்றால், தட்டு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2023ல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். களியும் கூழும் மறக்காத வேலூர் பக்கத்துக்கும் அது பொருந்தும் என்பது என் எண்ணம்.

கேழ்வரகில் 100 கிராமுக்கு நார்ச்சத்து 11 கிராம், தீட்டிய அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. சுண்ணாம்புச் சத்து 364 மில்லிகிராம். ஆனால் மாவாகச் சலித்துக் கூழாகக் காய்ச்சினால் சர்க்கரை வேகமாகத்தான் ஏறும். முருங்கைக் கீரையும் வெங்காயமும் பிசைந்து அடையாகத் தட்டும்போது அது மெதுவாகும். ஜவ்வாது மலைச் சாமையும் நல்லதுதான், விலைதான் கடிக்கிறது. 'மில்லட்' என்று அச்சடித்த பிஸ்கட் பாக்கெட்டை வாங்குவதற்குப் பதில் அந்தக் காசுக்கு ஒரு கட்டுக் கீரை வாங்கலாம்.

பொருளுக்குப் பொருள் ஈடு

அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று வைத்துப் பார்த்தால் ஒட்டுறவு தெரியும்.

1. கிரேக்கர்கள் மலையோரத்தில் பறிக்கும் 'ஹோர்த்தா' கீரைகளை வேகவைத்து எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். நமக்கு வயலோரத்தில் பண்ணைக் கீரை, குப்பைக் கீரை, மூக்கிரட்டை. மழை பெய்து ஒரு வாரத்தில் தானாக முளைக்கும், விலை கிடையாது.

2. கிரேக்க 'கிகாந்தஸ்' என்ற பெரிய அவரைக் கொட்டைக்கு ஈடு மொச்சை. மார்கழி, தை மாதங்களில் பச்சை மொச்சை வரும்போது அதைவிட ருசியான பருப்பு வகை எந்தக் கடலோரத்திலும் கிடையாது. மற்ற மாதங்களில் காராமணி, கொள்ளு, கொண்டைக்கடலை.

3. கத்திரிக்காய்க்கு ஈடு தேட வேண்டியதே இல்லை. அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடியில் விளையும் முள்ளுக் கத்திரிக்காய் 2023ல் புவிசார் குறியீடு பெற்றது. கிரீஸ் முதல் லெபனான் வரை கத்திரிக்காயைத் தீயில் சுட்டுப் பிசைவார்கள். ஆம்பூர் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள நாம் அதையே எண்ணெயில் மிதக்கவிடுகிறோம்.

4. சால்மனுக்கு ஈடு மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலி. சிறிய, கொழுப்புள்ள கடல் மீன்களில் ஒமேகா-3 சால்மனுக்கு இணையாகவே இருக்கும். வேலூருக்குக் கடல் மீன் வண்டியேறித்தான் வர வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விலை எகிறும். அந்த இரண்டு மாதமும் முட்டையும் ஆளி விதைப் பொடியும் போதும். ஏரி மீன் கட்லா, ரோகு சாப்பிடலாம், புரதம் கிடைக்கும், ஒமேகா-3 குறைவு.

5. ஆட்டுக்கறியை அவர்கள் வாசனைக்குப் போடுவார்கள். ஆம்பூர், வாணியம்பாடி முஸ்லிம் வீடுகளின் தால்ச்சா அதேதான். கால் கிலோ எலும்புக் கறியில் பருப்பு, சுரைக்காய், கத்திரிக்காய் எல்லாம் சேர்ந்து ஆறேழு பேருக்கு வரும். பிரியாணிக்குப் பக்கத்தில் ஒரு கரண்டியாக ஒதுங்கியிருக்கும் தால்ச்சாவை நடுவில் வைத்துப் பிரியாணியை ஒரு கரண்டியாக ஆக்கினால், அன்றைய தட்டு கிரீட் தீவுத் தட்டு.

இரண்டு சமையல்

ஸ்பெயினின் செவில் நகரத்தில் கொண்டைக்கடலையும் கீரையும் சேர்த்து ஒரு பண்டம் செய்கிறார்கள். வேலூர்ச் சரக்கில் அது இப்படி வரும். நாலு பேருக்குக் கால் கிலோ கொண்டைக்கடலையை ராத்திரியே ஊறவைத்து, மறுநாள் உப்புப் போட்டுக் குக்கரில் நசுங்கும் பதத்துக்கு வேகவைக்க வேண்டும். சட்டியில் மூன்று தேக்கரண்டி கடலை எண்ணெய், எட்டுப் பல் பூண்டு, ஒரு தேக்கரண்டி சீரகம். பூண்டு பொன்னிறமானதும் அரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூள், உடனே இரண்டு தக்காளி. மிளகாய்த்தூள் கருகினால் மொத்தமும் கசந்துவிடும், அந்தப் பத்து நொடி கவனம். ஒரு பெரிய கட்டுச் சிறுகீரையை அரிந்து போட்டு, சுருங்கியதும் கடலையை வெந்த தண்ணீரோடு சேர்த்து, ஒரு பிடிக் கடலையை மசித்துவிட்டால் குழம்பு தானாகக் கெட்டியாகும். அடுப்பை அணைத்த பிறகு அரை எலுமிச்சம்பழம். கேழ்வரகு அடையோடு ராத்திரிச் சாப்பாடு முடிந்தது. ஆளுக்கு 60 கிராமுக்கு மேல் கடலை, அதில் மட்டும் சுமார் 12 கிராம் புரதம்.

இரண்டாவது, சுட்ட கத்திரிக்காய். முள்ளுக் கத்திரிக்காய் ஆறு. காம்பைப் பிடித்து நேராகத் தீயில் திருப்பித் திருப்பிக் காட்டினால் தோல் கருகி, காய் துவண்டு, நீர் சொட்டத் தொடங்கும். மூடிவைத்து ஆறியதும் தோலை உரிக்கலாம். லெபனானில் இதற்கு எள் விழுது சேர்ப்பார்கள். கடையில் தஹினி என்று ஒரு டப்பா விலை சொல்வான். வெள்ளை எள் இரண்டு கரண்டியை வறுத்து, ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டு மிக்ஸியில் ஓட்டினால் அதுவேதான். பூண்டு ஒரு பல், எலுமிச்சை, உப்பு, விருப்பப்பட்டால் ஒரு பச்சை மிளகாய். பிசைந்து மேலே கொஞ்சம் எண்ணெய். சப்பாத்திக்கும் ஆகும், சோற்றிலும் பிசையலாம்.

பணம் எங்கே போகும், எங்கிருந்து வரும்?

பட்ஜெட்டில் ஆரோக்கியம் என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தில் மழுப்பிவிடுவார்கள். நேராகப் போட்டுப் பார்ப்போம், நாலு பேர், ஒரு மாதம். விலைகளை உங்கள் கடை விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

1. பருப்பு ஆளுக்கு 85 கிராம் என்றால் மாதம் 10 கிலோ. பல வீடுகளில் இப்போது மூன்று நாலு கிலோதான் வாங்குகிறார்கள். கூடுதல் ஆறேழு கிலோவுக்கு, கிலோ 100 ரூபாய் என்று வைத்தால், 600 முதல் 700 ரூபாய். முட்டை, மீன் சாப்பிடும் நாளில் பருப்பு குறையும்.

2. மல்லாட்டையும் எள்ளும் ஆளுக்கு 35 கிராம் என்றால் நாலு கிலோவுக்கு மேல். வேர்க்கடலை 140 என்று வைத்தால் 600 ரூபாய் அளவு. பாதாம் என்றால் இதைப் பல மடங்காக்கிக்கொள்ளுங்கள்.

3. காய்கறி, கீரை கூடுதலாக. இது ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் மாறும். நேதாஜி மார்க்கெட்டில் ஒரு விலை, உழவர் சந்தையில் ஒரு விலை, சாயங்காலம் தள்ளுவண்டியில் இன்னொரு விலை. தக்காளி மட்டும் யார் பேச்சும் கேட்காது.

இனி வரவு. ஆளுக்கு 400 கிராம் அரிசி மாதம் 48 கிலோ. 250 கிராமாக்கினால் 30 கிலோ. கடையில் 50 ரூபாய்க்குப் பொன்னி வாங்குகிற வீடாக இருந்தால் 18 கிலோவில் 900 ரூபாய் மிச்சம், பருப்புச் செலவு முழுவதும் அதில் அடங்கிவிடும். எண்ணெயை ஐந்து லிட்டரிலிருந்து மூன்றரைக்கு இறக்கினால் இன்னும் 300, 400. சாயங்கால மிக்சர், முறுக்கு, பிஸ்கட் இடத்தில் வேகவைத்த மல்லாட்டை வந்தால் கொட்டைச் செலவுக்கும் வழி பிறக்கும்.

ரேஷன் அரிசியை மட்டும் நம்பும் வீட்டில் இந்தக் கணக்கு உதைக்கும். அரிசியைக் குறைத்தால் அங்கே ஒரு ரூபாய்கூட மிச்சமாகாது, கூடுதல் பருப்பு முழுவதும் கைக்காசு. அந்த வீட்டுக்குச் சொல்லக்கூடியது சிறியது: விலையில்லாக் கீரை, மலிவான கொள்ளு, வாரம் மூன்று நாள் சாம்பாருக்குப் பதில் கெட்டிக் கடையல், மீதியை அரசாங்கம்தான் செய்ய வேண்டும்.

ரூபாயில் வராத செலவு ஒன்றும் உண்டு. கீரை ஆய அரை மணி, கடலை ஊறவைக்க நினைவு, கத்திரிக்காய் சுட நிற்பது. ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் தோல், ஷூ கம்பெனி வேலை முடித்து ராத்திரி வீட்டுக்கு வரும் பெண்ணிடம் இந்த உணவுமுறையைச் சொல்வதென்றால், கீரையை யார் ஆய்வது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டிவி பார்த்துக்கொண்டே கீரை ஆய்வது ஆண்களாலும் முடிகிற வேலைதான். ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ கொண்டைக்கடலையை மொத்தமாக வேகவைத்துப் பிரித்து ஃப்ரீசரில் வைத்தால் வாரம் ஓடிவிடும், கேஸும் மிச்சம்.

யார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

வைத்தியத்துக்குப் பேர்போன ஊர் என்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள்: கீரை, பருப்பு, கொட்டை எல்லாவற்றிலும் பொட்டாசியம் உண்டு. மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.

2. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள்: கீரையில் உள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைக்கும். கீரையை விட வேண்டியதில்லை, வாரத்துக்கு வாரம் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். திடீரென்று கூட்டினாலும் குறைத்தாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

3. ரத்த அழுத்தம் உள்ளவர்கள்: கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றிலும் உப்பு ஒளிந்திருக்கிறது. நாளைக்கு 5 கிராமுக்குள் என்ற கணக்கு இவற்றையும் சேர்த்துத்தான்.

4. எல்லோருக்கும்: சுருங்கிய, பூஞ்சை பிடித்த, கசக்கிற மல்லாட்டையைத் தூக்கி எறிய வேண்டும். அந்தப் பூஞ்சையில் ஊறும் அஃப்ளாடாக்சின் ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுதாகப் போகாது. செக்கு எண்ணெய் வாங்கும்போதும் உள்ளே போகும் பருப்பு எப்படி இருக்கிறது என்று பார்த்து வாங்குவது நல்லது.

5. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள்: சோற்றைப் பாதியாக்கிவிட்டு மருந்தைப் பழைய அளவிலேயே வைத்திருந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். முதலில் மருத்துவரிடம் பேசி, வாரத்துக்கு ஒரு கரண்டியாகக் குறைப்பது பாதுகாப்பு. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டும்.